மாற்றிய இதய வால்வும் தோலில் வாழும் கிருமியும்: கோவில்பட்டி வட்டாரம் ஏன் கவனிக்க வேண்டும்?

இதய வால்வை மாற்றணும் என்று டாக்டர் சொன்னதும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைப்பதால், அதற்கு இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. நெல்லைக்கோ மதுரைக்கோ போய் ஆபரேஷனை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் வரும் ஒரு சாதாரணக் காய்ச்சல், அந்தப் புது வால்வையே அழித்துவிட முடியுமா?

முடியும். பல நேரங்களில் அதற்குக் காரணமான கிருமி, நோயாளியின் சொந்தத் தோலிலேயே வருஷக்கணக்கில் இருந்ததாகத்தான் இருக்கும்.

வால்வில் கிருமி பிடித்தால் என்ன ஆகும்?

இதயத்தின் உள்சுவரிலும் வால்விலும் ஏற்படும் கிருமித் தொற்றை எண்டோகார்டைட்டிஸ் என்கிறார்கள். செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 1 முதல் 6 பேருக்கு இது வரலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் உள்ள கணக்கு. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் வந்துவிட்டால் மருத்துவமனையிலேயே 20 முதல் 40 சதவீதம் பேர் வரை இறந்துபோகிறார்கள்.

ஏன் இவ்வளவு ஆபத்து? உயிருள்ள திசுவில் கிருமி புகுந்தால் ரத்த வெள்ளை அணுக்கள் அங்கே ஓடிப்போய்ச் சண்டை போடும். உலோகத்திலும் பாலியஸ்டர் துணியிலும் ரத்த ஓட்டம் கிடையாது. தெப்பக்குளப் படியில் பாசி பிடிப்பது போல, கிருமிகள் அதன் மேல் ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும். ஆண்டிபயாடிக் மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. அதனால்தான் சிகிச்சை என்றால் குறைந்தது 6 வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. அதுக்கும் கேட்கலைன்னா மறுபடியும் நெஞ்சைத் திறந்து வால்வைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான். முதல் ஆபரேஷனைவிட இரண்டாவது பல மடங்கு கடினம்.

நம்ம ஊர் வால்வின் கதை

மேலை நாடுகளில் வால்வு நோய் பெரும்பாலும் வயதானவர்களின் பிரச்சினை. இந்தியாவில் அப்படி இல்லை. சின்ன வயதில் தொண்டைப் புண்ணுடன் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, பிறகு மூட்டு வலியும் காய்ச்சலுமாக வாதக் காய்ச்சலைக் கிளப்பி, கடைசியில் வால்வைச் சுருக்கி விடுகிறது. உலகம் முழுக்க சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த வாத இதய நோய் இருப்பதாகவும், ஆண்டுக்கு 3.6 லட்சம் பேர் இறப்பதாகவும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இருபது, முப்பது வயதில் வால்வு மாற்ற வேண்டி வருபவர்கள் இவர்கள்தான். புது வால்வோடு அவர்கள் இன்னும் முப்பது, நாற்பது வருஷம் வாழணும். அத்தனை வருஷமும் கிருமி ஆபத்து கூடவே வரும்.

இவர்களை மனதில் வைத்து உருவானதுதான் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் 'சித்ரா' வால்வு. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாத காலத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அந்த முயற்சி நடந்தது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

அந்த வால்வில் மூன்று பகுதிகள். கோபால்ட், குரோமியம் கலந்த உலோகச் சட்டம், உள்ளே திறந்து மூடும் பிளாஸ்டிக் தட்டு, இதயத் திசுவோடு சேர்த்துத் தைப்பதற்கான பாலியஸ்டர் துணி வளையம். கிருமிக்குப் பிடித்த இடம் அந்தத் துணி வளையம்தான். எந்த நாட்டு உலோக வால்வாக இருந்தாலும் நிலைமை இதேதான். தைத்த இடத்தில் உடலின் சவ்வு மூடி வளர்வதற்குச் சில மாதங்கள் ஆகும். அதனால்தான் ஆபரேஷன் நடந்த முதல் வருஷம் ஆபத்து அதிகம்.

தோலில் குடியிருக்கும் கிருமிகள்

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோலில் கிருமி இருக்கும். அதில் பெரும்பாலானவை நமக்கு உதவி செய்பவை. கெட்ட கிருமி வந்து உட்கார இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்பவை. இடம் மாறிப் போனால்தான் சிக்கல்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் உண்டு, சாதுவானது. ஆனால் படலம் கட்டுவதில் அதுக்கு நிகர் இல்லை. அதன் பங்காளியான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படிச் சாது அல்ல. சீழ் பிடித்த கட்டி, கொப்புளம் எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை. சுமார் 30 சதவீதம் பேர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் மூக்கின் உள்பக்கத்தில் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

மூன்றாவதுதான் இப்போது டாக்டர்களை அதிகம் யோசிக்க வைத்திருக்கிறது. அது முகப்பருவோடு தொடர்புடைய கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ். முகம், நெஞ்சு, முதுகு என்று எண்ணெய்ப் பசை உள்ள இடங்களில், முடிக்கால்களின் அடியாழத்தில் இது வாழ்கிறது. இதய ஆபரேஷனுக்குக் கத்தி வைப்பது நெஞ்சு நடுவில், அதாவது சரியாக இதன் வீட்டில். தோலுக்கு மேல் தடவும் மருந்து அந்த ஆழத்துக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. மேல் தோல் சுத்தமாகத் தெரிந்தாலும், தோலை வெட்டும்போது உள்ளே இருப்பது வெளியே வரலாம். இந்தக் கிருமி ரொம்ப மெதுவாக வளரும். வால்வில் ஒட்டிக்கொண்டு மாதங்கள், சில நேரம் வருஷங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். பெண்களைவிட ஆண்களிடமே இந்தத் தொற்று அதிகம் காணப்படுகிறது.

ஷேவ் பண்ணிட்டு வரலாமா?

ஆபரேஷன் தேதி குறித்ததும் ஆண்கள் பலர் செய்யும் முதல் வேலை, உள்ளூர் சலூனில் நெஞ்சு முடியைச் சுத்தமாக மழித்துக்கொண்டு போவது. 'டாக்டருக்கு வேலை மிச்சம்' என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இது தப்பு. பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். ராத்திரி முழுக்க அந்தக் கீறல்களில் கிருமி பெருகும். 2016-ல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் கறாராக இருக்கிறது. முடியை எடுக்காமல் விடலாம், எடுத்தே ஆகணும்னா கிளிப்பர் மிஷின் மட்டும்தான், ரேசர் கூடவே கூடாது.

அதே வழிகாட்டுதல் ஆபரேஷனுக்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்கிறது. சாதா சோப்பே போதும். சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வரும் தாமிரபரணித் தண்ணீரை நம்பியிருக்கும், பல நாள் இடைவெளியில் தண்ணீர் பிடித்து வைத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. ஆனாலும் முந்தின நாளும் ஆபரேஷன் அன்று காலையும் இரண்டு வாளித் தண்ணீரை அந்த நோயாளிக்கென்று வீட்டில் ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும். முதல் நாளே வார்டில் சேர்ந்துவிட்டால் அங்கே கேட்டுக் குளிக்கலாம்.

மூக்கில் ஆரியஸ் கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, இருந்தால் மியூபிரோசின் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் சோப்பால் குளிக்க வைக்கும் முறையும் உண்டு. 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இப்படிச் செய்தவர்களிடம் ஆரியஸ் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது. செலவு என்று பார்த்தால் ஒரு சின்ன டியூப் களிம்பும் ஒரு பாட்டில் சோப்பும்தான்.

'பழைய அயோடின் மருந்துதான் தடவுறாங்க, பெரிய ஆஸ்பத்திரியில வேற தடவுறாங்களாமே' என்ற சந்தேகமும் சிலருக்கு வரும். சுவிட்சர்லாந்தில் இதய, வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 3,360 பேரிடம் நடந்து, 2024-ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆல்கஹால் கலந்த அயோடின் தடவியவர்களில் 5.1 சதவீதம் பேருக்கும், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 5.5 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. கிட்டத்தட்ட சமம்தான். மருந்தின் பெயரைவிட அது ஆல்கஹால் கலந்ததா, தடவிய பிறகு காய விட்டார்களா, கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஊசி போட்டார்களா என்பதுதான் முக்கியம்.

நெஞ்சைத் திறக்காத சிகிச்சையில் பயமில்லையா?

2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் ஆலன் கிரிபியர், நெஞ்சைத் திறக்காமலே ரத்தக் குழாய் வழியாக முதன்முதலில் ஒரு மனிதருக்கு வால்வு பொருத்தினார். இன்று 'டாவி' என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் அது நடக்கிறது. பெரிய காயம் இல்லை, அதனால் கிருமி பயமும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு முறையிலும் வால்வுத் தொற்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது.

காரணம், குழாயைச் செருகும் இடம் தொடை இடுக்கு. அங்கே தோல் கிருமியோடு குடலில் வாழும் என்டெரோகாக்கஸ் கிருமியும் சேர்ந்திருக்கும். இதய ஆபரேஷனுக்கு வழக்கமாகப் போடும் செஃபசோலின் ஊசி அந்த என்டெரோகாக்கஸைத் தொடாது. அதனால்தான் 2023-ல் வந்த ஐரோப்பிய இதயவியல் சங்க வழிகாட்டுதல், டாவிக்கு முன் அந்தக் கிருமிக்கும் சேர்த்து மருந்து கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

கரிசல் காட்டில் என்ன வித்தியாசம்?

மருத்துவமனைக்குள் நடப்பது டாக்டர், நர்ஸ் கையில். ஊருக்கு வந்த பிறகு எல்லாம் நோயாளி கையில். அங்கேதான் இந்த வட்டாரத்துக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன.

சித்திரை, வைகாசி வெயிலில் வேனக்கட்டி வராத வீடு இங்கே குறைவு. பழுத்ததும் விரலால் பிதுக்கி விடுவது பழக்கம். சாதாரண ஆளுக்கு அது பெரிய விஷயமில்லை. வால்வு மாற்றியவருக்கு அப்படி இல்லை. பிதுக்கும்போது சீழ் வெளியே வருவதைப் போலவே, கொஞ்சம் கிருமி உள்ளே ரத்தத்திலும் கலக்கலாம். கட்டி ஆரியஸ் கிருமியின் வேலை என்றால், அது நேராகப் போய்ச் சேரக்கூடிய இடம் அந்தத் துணி வளையம்.

பருத்திக்கும் உளுந்துக்கும் களையெடுக்கப் போகிறவர்களின் கால்களில் பித்தவெடிப்பு. சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு முள் குத்து. தீப்பெட்டி வேலையில் விரல் நுனிக் கீறல். அப்புறம் சுகர் இருந்தால் காலில் ஆறாத புண். வேலையை விட்டுவிடச் சொல்வது சுலபம், சோறு யார் போடுவது? ஆனால் செருப்பில்லாமல் காட்டுக்குள் இறங்காமல் இருக்கலாம். முள் குத்தினால் அன்றே எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் மூடலாம். புண்ணில் சாம்பல், சுண்ணாம்பு, மஞ்சள் அப்புவதை நிறுத்தலாம். நெஞ்சில் ஆபரேஷன் செய்த தழும்பிலும் அப்படித்தான். அதில் நீர் கசிந்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ வைத்தியம் பார்க்க வேண்டியது வீட்டில் அல்ல, ஆபரேஷன் செய்த இடத்தில்.

குழந்தைகளின் சிரங்குக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. வாதக் காய்ச்சல் தொண்டைக் கிருமியால் வருவதாகத்தான் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. வட ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே, சொறி சிரங்கில் இருக்கும் அதே வகைக் கிருமியும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வெப்பமும் நெருக்கமான வீடுகளும் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தக்கூடிய சந்தேகம்தான். 'சிரங்குதானே, தானா காஞ்சிரும்' என்று விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி விடுவது நல்லது.

நேர்த்திக்கடன் விஷயம் கொஞ்சம் மென்மையாகப் பேச வேண்டியது. பிழைத்து வந்தால் இருக்கன்குடி மாரியம்மனுக்கோ, கழுகுமலை, திருச்செந்தூர் முருகனுக்கோ இன்னது செய்கிறேன் என்று வேண்டிக்கொள்ளாத குடும்பம் இங்கே அரிது. மாவிளக்கு எடுக்கலாம், பால்குடம் எடுக்கலாம். அலகு குத்துவது மட்டும் வேண்டாம். உடலில் துளை போடுவதையும் பச்சை குத்துவதையும் வால்வு நோயாளிகள் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதலே சொல்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் நிற்காத ஆபத்தும் இதில் சேர்ந்துகொள்ளும். மொட்டை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, கண் முன்னால் பிரித்த புது பிளேடால் போட்டுக்கொள்ளலாம்.

பல்லும் ஒரு வாசல். செயற்கை வால்வு உள்ளவர் பல் பிடுங்கப் போனால் ஒரு மணி நேரம் முன்பு ஆண்டிபயாடிக் சாப்பிட வேண்டும். வால்வு மாற்றியதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடணும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு எது?

காய்ச்சல் வந்ததும் மெடிக்கல் ஷாப்புக்குப் போவது.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா காய்ச்சல், ஏதாச்சும் மாத்திரை குடுங்க." மூன்று நாளைக்கு ஆண்டிபயாடிக் கிடைக்கும். காய்ச்சல் இறங்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி வரும். இந்த முறை கிளினிக்கில் ஒரு ஊசி. மறுபடி இறங்கும். இப்படியே ஒரு மாதம் ஓடி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு நெல்லைக்கோ மதுரைக்கோ போகிறார்கள். அங்கே ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்க்கும் 'பிளட் கல்ச்சர்' பரிசோதனை செய்தால் எதுவும் வளராது. அரைகுறையாகச் சாப்பிட்ட மாத்திரை, ரத்தத்தில் இருந்த கிருமியை மறைத்திருக்கும். வால்வில் இருப்பது அப்படியே இருக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமல் டாக்டர் குத்துமதிப்பாக மருந்து கொடுக்க வேண்டிய நிலை. இந்தியாவில் வால்வுத் தொற்று நோயாளிகள் பலரிடம் கல்ச்சரில் கிருமி கிடைக்காமல் போவதற்கு, முன்கூட்டியே சாப்பிட்ட ஆண்டிபயாடிக் ஒரு முக்கியக் காரணம்.

இதில் குற்றம் நோயாளி மேல் மட்டும் இல்லை. கோவில்பட்டியிலிருந்து நெல்லை சுமார் 55 கிலோமீட்டர், மதுரை சுமார் 100 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நிற்பதைவிட ஐம்பது ரூபாய் மாத்திரை லாபமாகத்தான் தெரியும். 'வால்வு மாத்தினவருக்குக் காய்ச்சல்னா அது வேற காய்ச்சல்' என்று யாராவது முன்னாலேயே அவர் மனதில் பதியும்படி சொல்லியிருந்தால்தான் அவர் பஸ் ஏறுவார்.

கல்ச்சர் எடுத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ஊசி குத்தும் இடத்தில் தோல் சரியாகச் சுத்தம் செய்யப்படாவிட்டால், தோலில் உள்ள கிருமியே பாட்டிலுக்குள் போய் வளர்ந்துவிடும். அதனால் எபிடெர்மிடிஸ், ஆக்னிஸ் போன்ற பெயர்கள் ரிப்போர்ட்டில் வந்தால், 'இது தோல் கிருமி, கலப்படம்' என்று ஒதுக்குவது வழக்கம். மற்ற நோயாளிகளில் அது பெரும்பாலும் சரிதான். செயற்கை வால்வு உள்ளவரிடம் அதே பெயர்தான் உண்மையான குற்றவாளியாக இருக்கலாம். ஒரே பாட்டிலை வைத்து முடிவு செய்யாமல், வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். மூன்றிலும் ஒரே கிருமி வந்தால் அது கலப்படம் இல்லை.

அரசு என்ன செய்யலாம்?

ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கும் காப்பீட்டுத் திட்டத்திடம், யார் யாருக்கு வால்வு மாற்றப்பட்டது என்ற பட்டியல் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் பணம் கொடுத்ததே அந்தத் திட்டம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். அந்தப் பட்டியலை இவர்கள் கையில் கொடுத்து, 'காய்ச்சல் இருக்கா? புண் இருக்கா? பல் வலி இருக்கா?' என்று மூன்று கேள்வி கேட்க வைத்தால் புதுத் திட்டம் எதுவும் தேவைப்படாது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய வால்வைக் காப்பாற்ற இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பிரிட்டனில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், இப்படிப்பட்ட நோயாளிகளுக்குச் சட்டைப் பையில் வைக்கும் ஓர் எச்சரிக்கை அட்டையைக் கொடுக்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதை ஆதரிக்கிறது. இங்கே டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில், நாலு பக்கத்தில் வருகிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்கிறவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

அப்படி ஓர் அட்டை தமிழில் அச்சாகும் வரை, வீட்டிலேயே ஒரு சின்னத் தாளில் எழுதி, காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வால்வு எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில், என்ன பெயருடையது வைக்கப்பட்டது, ரத்தம் உறையாமல் இருக்க எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது மேலே. கீழே மெடிக்கல் ஷாப் அண்ணாச்சிக்கும் கிளினிக் டாக்டருக்கும் சேர்த்து ஒரு வரி: 'செயற்கை வால்வு உள்ளது. காய்ச்சல் என்றால் பிளட் கல்ச்சர் எடுக்காமல் ஆண்டிபயாடிக் கொடுக்க வேண்டாம்.' கல்ச்சர் எடுக்கும் வசதி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே வார்டில் கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளலாம். பரிசோதனைக்கூடத்தில் பாட்டிலை வழக்கமாக 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். மெதுவாக வளரும் ஆக்னிஸ் கிருமிக்கு 10 முதல் 14 நாள் வரை ஆகும் என்பதால், வால்வு நோயாளி என்று படிவத்தில் எழுதி, கூடுதல் நாள் வைத்திருக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.